நடுவில் வெட்டிய வயர்

வயர் என்றால் வயர்தானே என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சொல்கிறவர் யார், எந்த இடத்தில் சொல்கிறார் என்றெல்லாம் பார்க்க மாட்டேன். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா அப்படிச் சொல்லப்போய், நான் ஆரம்பித்துவிட்டேன். தங்கைதான் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பாவம், அந்த மனிதர் பந்தலில் தொங்கிய மின்விளக்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு என் கோபத்தின் பூர்வீகம் தெரியாது.

எண்பதுகளின் கடைசியில், பாலிடெக்னிக் படிப்பை முடித்த கையோடு, மலேசியாவில், ஈப்போ டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் கடை என்று பெயர்ப்பலகைதான் புதிது. உள்ளே பாதிக்கு மேல் பழைய டிவி, ரேடியோ, மேசைக் காற்றாடி. முதலாளி சீனர். கடையில் எல்லாரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். டிவி விற்றுச் சம்பாதித்தவர், இனிமேல் காலம் கம்ப்யூட்டருடையது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பாதிக் கடையைக் காலி செய்திருந்தார். அந்தக் கடையில் ஸ்குரூ டிரைவர் பிடித்த ஒரே பெண் நான்தான். வருகிறவர்கள் என்னிடம் ரசீது கேட்பார்கள், மெக்கானிக் எங்கே என்பார்கள். நான்தான் என்றால் சிரிப்பார்கள். முதல் மாதமே சிரிப்பைப் பார்த்தால் எரிச்சல் வரும் நிலைக்கு வந்துவிட்டேன்.

அப்போது ஒரு தோட்டக் கம்பெனி எங்களைக் கூப்பிட்டது. அவர்களுடைய பழைய ரப்பர் தோட்டங்களில் மரங்களை வெட்டிவிட்டு, எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டுக்கொண்டிருந்தார்கள். தோட்டத்து ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் வாங்கி, ஒன்றோடு ஒன்று பேச வைக்க வேண்டும். முதலில் ஒரு தோட்டத்தில் செய்து காட்டுங்கள், சரியாக வந்தால் மற்றத் தோட்டங்களும் உங்களுக்கே என்றார்கள். அந்த முதல் தோட்டம் சித்தியவான் போகிற வழியில் இருந்தது. நான் பிறந்து வளர்ந்த தோட்டம். என் அப்பா அங்கே ஸ்டோரில் உரமூட்டையும் கத்தியும் கொடுக்கிற வேலையில் இருந்தார்.

தவுக்கே என்னைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார். இந்த வேலை சரியாக முடிந்தால் நான் நிரந்தரம். சொதப்பினால் என் இடத்துக்கு அவருடைய அக்கா மகன் வருவான். மலாயில்தான் சொன்னார், ஆனால் எந்த மொழியில் கேட்டாலும் கெட்ட செய்திதான். வேலை போனால் நான் திரும்பப் போக வேண்டிய இடம், தோட்டத்தில் அப்பாவுக்குக் கொடுத்திருந்த லயத்து வீடு. அங்கே அம்மா தைப்பிங்கில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துவிட்டு, என் வேலை எப்போது போகும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

முதல் சண்டை வயரில் வந்தது. அந்தக் காலத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை ஒரே கறுப்பு வயரால் வரிசையாகக் கோர்ப்போம். ஒரு இயந்திரத்திலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு. வயரின் இரண்டு கோடியிலும் மூடி மாதிரி ஒரு சின்ன டெர்மினேட்டர். அதற்கு ஐம்பது ஓம் வயர் வேண்டும். டிவி ஏரியலுக்குப் போடுகிற வயர் எழுபத்தைந்து ஓம். உரித்துப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. நடுவில் செம்பு, அதைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக், மேலே பின்னிய வலை, எல்லாவற்றுக்கும் மேல் கறுப்பு உறை. டிவி வயர் ஒரு சுற்றுப் பருமன், அவ்வளவுதான். ஆனால் வயரின் வகை மாறுகிற இடத்தில் சிக்னலில் ஒரு பங்கு திரும்பி வரும். பின்னால் வருவதோடு முட்டிக்கொள்ளும். இதில் கொடுமை என்னவென்றால், முழுதாகக் கெடாது. காலையில் ஓடும், மத்தியானம் நிற்கும், யாரும் தொடாமலேயே மறுபடி ஓடும். முழுதாகச் செத்த இயந்திரத்தை நான் இடது கையால் சரி செய்வேன். பாதி நேரம் வேலை செய்கிறதுதான் ஆளைக் கொல்லும்.

கடையின் பின்கட்டில் டிவி வயர் உருளை உருளையாக விற்காமல் கிடந்தது. தவுக்கேக்கு அதைத் தோட்டத்தின் தலையில் கட்டிவிட ஆசை.

"ரெண்டும் சாமா லா," என்றார். "கறுப்பு, செம்பு, வலை. என்னா வித்தியாசம்? நீ படிச்ச புக்கு வயர் கம்பெனிக்காரன் எழுதுனது."

"சாமா இல்ல தவுக்கே. இதப் போட்டா ஓடாது."

"மேசையில போட்டுப் பாத்தேன், ஓடுச்சே."

"மேசையில ஓடும். அங்க ஆபீசுக்கும் ஸ்டோருக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு வந்து பாருங்க."

ஒரு வாரம் இப்படியே போனது. கணக்குப் பிள்ளை முதல் வாசல் பெருக்குகிற அக்கா வரை எல்லாரும் எங்கள் சண்டையைக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டார்கள். கடைசியில் நான், "அந்த வயரப் போடணும்னா உங்க அக்கா மகனையே அனுப்புங்க, நான் கையால தொட மாட்டேன்," என்று கத்திவிட்டேன். அவர் முகம் சிவந்துபோய், பினாங்குக்குப் போன் செய்து சரியான வயருக்குச் சொன்னார். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி ஒரு விரலை மட்டும் ஆட்டினார்.

ஒரு வெள்ளிக்கிழமை வயரோடு தோட்டத்துக்குப் போனேன். எல்லாரும் துவான் என்று கூப்பிடுகிற மேனேஜரின் அறை, தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியின் அறை, அங்கிருந்து நடைபாதைக் கூரைக்கு அடியில் உத்தரத்தின் மேலாக ஸ்டோர் வரைக்கும் நானே ஏணியில் ஏறி இழுத்தேன். முனைகளை நானே உரித்து, நானே கிரிம்பரால் நெரித்துப் போட்டேன். ஒவ்வொரு முனையும் போட்டபின் இழுத்துப் பார்த்தேன். இயந்திரங்கள் திங்கட்கிழமைதான் வரும். அப்பா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ஏணியில் நிற்பதில் அவருக்குப் பெருமையா வெட்கமா என்று முகத்தில் தெரியவில்லை.

"அப்பா, திங்கக்கெழம வரைக்கும் இதுல யாரும் கை வைக்காமப் பாத்துக்குங்க."

"நான் இருக்கேன்ல, நீ போ," என்றார்.

சனி, ஞாயிறு தோட்டத்துக் கோயிலில் திருவிழா. மாப்பிள்ளை வீட்டார் சாமி கும்பிட வருவதாக அம்மா சொன்னாள். அதைக் கேட்டதும் கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஈப்போவுக்கு பஸ் ஏறிவிட்டேன்.

திங்கட்கிழமை இயந்திரங்களை வைத்தேன். மாட்டினேன். ஓடியது. பெரிய கிராணி வந்து எட்டிப் பார்த்தார், நின்றுபோனது. அவர் போனதும் ஓடியது. ஸ்டோரிலிருந்து அனுப்பினால் மேனேஜர் அறைக்குப் பாதி வரும், பாதி வராது. டெர்மினேட்டரை மாற்றினேன். உள்ளே இருக்கும் கார்டை மாற்றினேன். மீட்டர் வைத்து அளந்தேன், எல்லாம் சரி என்றது மீட்டர். அது செம்பு தொடுகிறதா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும், வயரின் வகையைச் சொல்லாது. வயரைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை. மற்ற எதில் வேண்டுமானாலும் கோளாறு இருக்கலாம், அது நான் சண்டை போட்டு வாங்கிய வயர், என் கையால் இழுத்த வயர்.

செவ்வாய்க்கிழமையும் அதே கதை. பெரிய கிராணி வாயைத் திறந்தார்.

"பொம்பளப் புள்ளைய அனுப்பி வெச்சிருக்கான் பாரு," என்று டைப் அடிக்கிற பெண்ணிடம் சொன்னார், எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே சத்தமாக.

அன்று மத்தியானம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். சோறு இறங்கவில்லை. அப்பா மீன் குழம்பில் இருந்த பெரிய துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.

"என்னம்மா, சரியாச்சா?"

"ஆகலப்பா. என்னன்னே புரியல. நாளைக்கு எல்லாரும் வராங்க."

"ஆயிரும், ஆயிரும். சாப்பிடு," என்றார்.

அந்த மீன் துண்டை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டையில் முள் குத்துகிறது.

புதன்கிழமை தலைமை ஆபீசிலிருந்து பெரியவர்கள் காரில் வந்தார்கள். தவுக்கே டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதற்கு முன் நான் அவரை டையோடு பார்த்ததில்லை. ஸ்டோரில் உரமூட்டை இருப்பைத் தட்டினால் அது மேனேஜர் அறையில் திரையில் வர வேண்டும். அப்பா இருப்பைச் சொல்ல, நான் தட்டினேன். மேனேஜர் அறையிலிருந்து யாரும் வந்துவிட்டது என்று குரல் கொடுக்கவில்லை. மறுபடி தட்டினேன். நடைபாதையில் காலடிச் சத்தம் கேட்டது. மேனேஜர், பெரியவர்கள், கிராணி, தவுக்கே எல்லாரும் ஸ்டோருக்கே வந்துவிட்டார்கள்.

"வெலகூடின வயரு வேணும்னு நீதானே கேட்ட?" தவுக்கே பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "இப்ப சொல்லு, என்னா கோளாறு?"

வயரைத் தவிர நான் மாற்றிப் பார்க்காதது எதுவும் இல்லை. மேலே அண்ணாந்து பார்த்தேன். பிறகு போய் ஏணியை எடுத்து வந்தேன். பாவாடை கட்டிய பெண் இத்தனை ஆண்களுக்கு நடுவே ஏணியில் ஏறுவதா என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. அப்பா ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஆடாமல் பிடித்தார். இறங்கி ஏணியை நகர்த்தி, ஏறி, மறுபடி நகர்த்தி, உத்தரத்தின் மேல் கையால் துழாவிக்கொண்டே போனேன். நடைபாதையின் நடுவில் கை எதிலோ தட்டியது. வயரில் ஒரு முடிச்சு. அதற்குப் பின்னால் வயர் தடித்திருந்தது.

இழுத்து வெளியே போட்டேன். என் வயரை நடுவில் வெட்டி, உத்தரத்துக்குப் பின்னால் கண்ணில் படாமல், டிவி வயரை ஒட்டுப் போட்டிருந்தார்கள். அங்கிருந்து ஆபீஸ் சுவர் வரைக்கும் டிவி வயர். எந்த வயர் வேண்டாம் என்று ஒரு வாரம் தொண்டை கிழியக் கத்தினேனோ, அதே வயர்.

ஒட்டைப் பார்த்தேன். கறுப்பு டேப்பை நெருக்கமாகச் சுற்றி, அது பிரியாமல் இருக்கக் கடைசியில் வெள்ளை நூலால் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. எங்கள் வீட்டு ரேடியோ வயர், மேசை விளக்கு, அம்மாவின் இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றிலும் இந்த நூல் கட்டு இருக்கும். உலகத்தில் வேறு யாரும் டேப்பின் மேல் நூல் கட்டி நான் பார்த்ததில்லை.

ஏணியின் மேலிருந்து கீழே பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. ஏணியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா அது?" மேனேஜர் கேட்டார்.

அப்பாவே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். ஒரு வார்த்தை. நான்தான் எடுத்தேன் துவான் என்று ஒரு வார்த்தை. அப்பா ஏணியிலிருந்து ஒரு கையை எடுத்து, மேனேஜரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மாஃப் துவான். சின்னப் புள்ள. வயர் பத்தாம ஒட்டுப் போட்டிருச்சி போலருக்கு. இந்த ஒரு தடவ மன்னிச்சிருங்க துவான்."

எனக்காக மன்னிப்புக் கேட்டார். தான் வெட்டிய வயருக்கு, நான் தொட மாட்டேன் என்று சொன்ன வயருக்கு, என்னை மன்னிக்கச் சொல்லி என் முதலாளி முன்னால் கும்பிட்டு நின்றார். பெரிய கிராணி தலையை ஆட்டினார், எனக்குத் தெரியும் என்பது மாதிரி.

"இது என் கை வேல இல்ல," என்றேன். "இந்தக் கட்டு எங்க அப்பா போட்டது."

மேனேஜர் அப்பாவைப் பார்த்தார். "பெத்துல் கா?" உண்மையா என்று கேட்டார்.

"இல்ல துவான்," என்றார் அப்பா.

நான் இன்னும் ஏணியில்தான் நின்றேன். இறங்க வேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது. பெற்ற அப்பா இல்லை என்கிறார், இனி யார் என்னை நம்புவார்கள்? அப்போது தவுக்கே முன்னால் வந்தார். தொங்கிய வயரைப் பிடித்து, உறையில் அச்சடித்திருந்த எழுத்தைப் படித்தார். அவருக்கு அது தெரியாதா? அவர் கடையின் பின்கட்டில் அந்த எழுத்தோடு உருளை உருளையாகக் கிடக்கிறது.

"இது டிவி வயர்," என்றார் மேனேஜரிடம். "இத வெச்சி முடின்னு நான் இந்தப் பொண்ணுகிட்ட ஒரு வாரம் சண்ட போட்டேன். சம்பளத்த நிறுத்துவேன்னுகூடச் சொன்னேன். கேக்கல. இவ இத கையால தொட மாட்டா துவான். நான் சொல்றேன்."

தன் கஞ்சத்தனத்தைத் தலைமை ஆபீஸ் ஆட்கள் முன்னால் தானே போட்டு உடைத்தார். அவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். பெரிய கிராணிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்ததாம்.

"சனிக்கெழம ராத்திரி கோயில் தெடல்ல வீடியோ படம் போட்டாங்களே! ஸ்டோர்ல மெஷின வெச்சி, தெடல்ல ரெண்டு டிவிக்கு வயர் இழுத்திருந்தானுங்க. அதுக்கு எடுத்ததா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மேனேஜர் அவர் பக்கம் திரும்பி, "கோயில் காரியம்னா என்கிட்ட வந்து கேக்க வேண்டியதுதானே, வேற வயர் வாங்கிக் குடுத்திருப்பேனே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். வேலையிலிருந்து நிறுத்தவில்லை, அதட்டவில்லை, வேறு எதுவும் செய்யவில்லை. உருளையில் மிச்சமிருந்த நல்ல வயரை நான் மறுபடி இழுத்து முனை போட்டேன். பெரியவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்தபோது உரமூட்டை இருப்பு மேனேஜர் அறையில் ஒழுங்காக வந்தது. தவுக்கே டையைத் தளர்த்திக்கொண்டு, "நிரந்தரம் லா, போ," என்றார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் பையை எடுக்க வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு அதற்குள் செய்தி போயிருந்தது. நாலு பேர் முன்னால் பெற்ற அப்பாவைக் காட்டிக்கொடுத்தவள் என்று அடுப்படியிலிருந்தே ஆரம்பித்தாள். அவர் என்னைக் காட்டிக்கொடுத்தது பற்றி அவளுக்கு ஒரு கேள்வியும் இல்லை. அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் போய் நேருக்கு நேர் நின்றேன்.

"முனையில நான் கை வைக்கலம்மா," என்றார் அவரே. "நீ கஷ்டப்பட்டுப் போட்டது. அதனாலதான் நடுவுல வெட்டுனேன். படம் முடிஞ்சதும் வீடியோக்காரன் அவனோட வயரோட சேத்து சுருட்டிக்கிட்டுப் போயிட்டான். அதான் மறுநாளே சித்தியவான் போயி, ஒரு துண்ட காட்டி, புதுசா அதே மாதிரி வாங்கியாந்து போட்டேன். பழசப் போடல."

"ரெண்டு நாளு நான் தலைய பிச்சிக்கிட்டு நின்னேனே. பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? துவான் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"உனக்கு இந்த வேல போனா வேற வேல கெடைக்கும். படிச்சிருக்க. எனக்குப் போனா இந்த வீடும் போயிரும்."

தோட்டத்து வேலை போனால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது உண்மைதான். பயந்தார், அது எனக்குப் புரிந்தது. கோபம் கொஞ்சம் இறங்கக்கூடச் செய்தது. தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக் கத்தியை எடுப்பார்கள், உடைந்தால் புதிதாக வாங்கி அதே ஆணியில் மாட்டிவிடுவார்கள், அதில் கேட்பது சொல்வது எல்லாம் கிடையாது. இவரும் சும்மா தொங்குகிற வயர், மெஷின் இன்னும் வரவில்லை, எடுத்தால் என்ன என்று விவரம் தெரியாமல் எடுத்திருப்பார். வயர் என்றால் வயர்தானே என்று நினைத்திருப்பார். அப்படி நினைக்கிறவர்களோடு நான் தினமும் மல்லுக்கட்டுகிறேன், இவரோடும் கட்டிவிட்டுப் போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேப்பா," என்றேன். கிட்டத்தட்டச் சமாதானமாகத்தான் கேட்டேன்.

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல," என்றார்.

தெரிந்தேதான் வெட்டியிருக்கிறார். எடுக்கக் கூடாது என்பது தெரிந்திருக்கிறது. கேட்டால் மறுப்பேன் என்பதும் தெரிந்திருக்கிறது. நான் இருக்கேன்ல என்று சொல்லி என்னை பஸ் ஏற்றிவிட்ட அதே மனிதர், விவரம் தெரிந்துதான் ஏணி வைத்து ஏறியிருக்கிறார். தெரியாமல் செய்துவிட்டார் என்று நானாகத் தேடிக் கண்டுபிடித்த ஒரே சமாதானத்தையும் அவரே பிடுங்கிக்கொண்டார். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

வேலை நிரந்தரமானதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. யார் சொல்லித் தெரிந்துகொண்டாரோ எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.